விமானத்தோடு இறங்கி வந்தவன்

பயமா? இல்லை சார், பயமில்லை. நீங்கள் கேட்டதில் தப்பும் இல்லை. முதுகில் பாராசூட்டோடு மேலே போன ஆள் அதை விரிக்காமலே, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி விமானத்திலிருந்து இறங்கி வந்தால், பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். கூடப் போன மூன்று பேரும் அதோ அந்தப் புல்தரையில் கொக்கு மாதிரி வந்து இறங்கினார்கள். நான் மட்டும் ஓடுதளத்திலிருந்து நடந்து வந்தேன். எரிபொருள் வண்டிக்காரர் எனக்கு சலாம் வைத்தார். விமானி என்று நினைத்திருப்பார்.

உட்காருங்கள். நிழல் இந்த பெஞ்சில் மட்டும்தான். கம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணிப்பை தெரிகிறதா? அது இப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறவரை யாரையும் மேலே ஏற்ற மாட்டார்கள். காற்று அடங்கட்டும். உங்களுக்கு முதல் தடவைதானே? கம்பெனியில் பரிசாகக் கொடுத்தார்களா? அதுதான் பார்த்தேன். ஆசைப்பட்டு வருகிறவர்கள் இவ்வளவு வெளிறிப்போய் இருக்க மாட்டார்கள். கவலைப்படாதீர்கள். உங்களை ஒரு பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். குதிக்கிறது அவர். நீங்கள் சாமான்.

நான் பிரமநாயகம். ஊர் கல்லிடைக்குறிச்சி. வளைகுடாவுக்கு வந்து தலைமயிர் நரைத்துவிட்டது. கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனைப் பார்த்துக் கத்துகிற வேலை என்று நினைப்பார்கள். அது பாதிதான். மீதிப் பாதி, ஆள் எண்ணுவது. சாயங்காலம் கடைசி ஆள் சாரத்தை விட்டு இறங்கின பிறகுதான் நான் இறங்குவேன். தீ விபத்து ஒத்திகை நடந்தால் கட்டடத்திலிருந்து கடைசியாக வருகிறவன் நான்தான். ஒருத்தனை உள்ளே விட்டுவிட்டு நான் வெளியே வந்ததே இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் குணத்துக்கு இங்கே என்ன மரியாதை என்று சொல்லத்தான் சொல்கிறேன்.

எனக்கு வானம் பிடிக்காது சார். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வானத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாம் என் மனைவியால் வந்தது. பெயர் ஆவுடை. ஒரு கிளினிக்கில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. மகள் திருச்சிக்குப் படிக்கப் போன வருடம், கூட வேலை பார்க்கிற தர்சிகா என்கிற பெண் இவளை இங்கே கூட்டி வந்தாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, சாவகச்சேரி. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே ஆவுடை உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மேலே போனாள், விழுந்தாள், வந்தாள். தரையில் உட்கார்ந்துகொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள். நான் ஓடிப் போய், "எங்க வலிக்கி? காலா?" என்றேன்.

"வலியா? ஒண்ணுமே கையில இல்லாம இருந்துச்சுங்க" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த வாரம் பயிற்சி வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். கட்டின மனைவியைத் தனியாக வானத்தில் விட்டுவிட்டுக் கீழே நின்று வேடிக்கை பார்க்கலாமா? நானும் சேர்ந்தேன். என் பெயரைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை.

தனியாகக் குதிக்கிற பாடமெல்லாம் முடித்தோம். அதில் எனக்கு யாரும் குறை சொல்லவில்லை. என் பாராசூட்டை நான் மடிக்கிற மாதிரி இங்கே யாரும் மடிப்பதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நேரம் ஆகிறது என்றும் சொல்வார்கள். பிறகுதான் இந்த நாலு பேர் விவகாரம் வந்தது. நானும் ஆவுடையும், தர்சிகாவும், ரெஜி என்று ஒரு பையனும். நாகர்கோவிலில் வளர்ந்த மலையாளி. வாய் சும்மா இருக்காது.

நாலு பேர் சேர்ந்து குதித்து, விழுகிற நேரத்துக்குள் கைகோத்து ஒரு வடிவம், அதைக் கலைத்து இன்னொரு வடிவம் என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். யார் நிறையப் போடுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. விழுகிற நேரமோ ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அதனால் விமானக் கதவிலிருந்தே சேர்ந்து கிளம்பிவிட வேண்டும். வெளியே போய் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் தரை வந்துவிடும். அந்தக் கிளம்புகிறதுக்கு மட்டும் தனிப் பாடம், தனி வாத்தியார். ஈல்டிகோ என்று ஒரு ஹங்கேரிக்காரி. நம் தோள் உயரம்தான் இருப்பாள். குரல் மட்டும் ஆலைச் சங்கு.

அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் மரத்தில் ஒரு கதவுச் சட்டம் நிற்கிறது, பாருங்கள். விமானக் கதவின் அதே அளவு. அதில்தான் பாடம். மூன்று பேர் கதவுக்கு வெளியே தொங்க வேண்டும். ஆமாம் சார், வெளியே. மேலே ஒரு கம்பி, கீழே கால் வைக்க ஒரு சின்னப் படி. அவர்களுக்கு மிதப்பவர்கள் என்று பெயர். வௌவால் மாதிரி பிடித்துத் தொங்குகிறவனுக்கு மிதப்பவன் என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ. நான்காவது ஆள் உள்ளே, விளிம்பில் குந்தியிருக்க வேண்டும். அது நான்.

எஞ்சின் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. அதனால் எண்ணிக்கை உடம்பால்தான். நடுவில் தொங்குகிறவர் இடுப்பை வெளியே ஆட்டினால் ரெடி. உள்ளே வந்தால் செட். மறுபடி வெளியே போனால் கோ. ஊஞ்சல் மாதிரி. அந்தக் கடைசி ஆட்டத்தில் நாலு பேரும் போயிருக்க வேண்டும். போகத் தொடங்குவது இல்லை, போயிருக்க வேண்டும். நடுவில் தொங்கி ஆட்டுகிறவள் ஆவுடை. ஈல்டிகோ அவளைத்தான் தேர்ந்தெடுத்தாள். "இவளுக்கு உடம்பிலேயே தாளம் இருக்கிறது" என்றாள். இத்தனை வருடம் அவளோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாத தாளம்.

இன்னொரு பாடம் காற்று. குதித்ததும் கீழே விழுவோம் என்றுதானே நினைக்கிறோம்? முதல் சில நொடிகள் அப்படி இல்லை. விமானம் போகிற வேகத்தில் நாமும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறோம். காற்று மூக்குக்கு நேரே வருகிறது. அதனால் நெஞ்சைத் தரைக்குக் காட்டக் கூடாது, விமானத்தின் விசிறி இருக்கிற திசைக்குக் காட்ட வேண்டும். தரையைப் பார்த்தால் கவிழ்ந்தோம். ஓடுகிற டவுன் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நான் ஈல்டிகோவிடம் சொன்னேன். பஸ் என்பது வரை அவளுக்குப் புரிந்தது.

மூன்றாவது, பிடி. எங்கள் உடையில் கையிலும் காலிலும் திண்டு மாதிரி ஒன்று தைத்திருக்கும். ஒருத்தரை ஒருத்தர் அதில்தான் பிடிக்க வேண்டும். என் ஒரு கை ஆவுடையின் தோள்பிடியில், இன்னொரு கை தர்சிகாவின் பிடியில். "லேசாகப் பிடி. தேநீர்க் கோப்பையைப் பிடிப்பது மாதிரி" என்பாள் ஈல்டிகோ.

"கோப்பை நழுவினால்?"

"நழுவட்டும். மறுபடி எடுத்துக்கொள்ளலாம்."

பாதுகாப்புத் துறையில் இருக்கிற ஒருத்தன் காது கொடுத்துக் கேட்கிற பேச்சா சார் இது?

வாராவாரம் விடியும்முன் எழுந்து, பாலைவனத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்து, நாலு வளர்ந்த மனிதர்கள் ஒரு மரச்சட்டத்தில் தொங்கி, ரெடி, செட், கோ என்று ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் குதிப்போம். மறுபடி ஏறுவோம். மறுபடி குதிப்போம். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். கார் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் போகிற சக்கரப் பலகை இருக்கிறது இல்லையா, அந்த மாதிரிப் பலகைகளில் வயிற்றுக்குப்புறப் படுத்து, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துத் தரையில் உருள்வோம். ஊரில் என் மாமனார் பார்த்திருந்தால் பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொண்டு போயிருப்பார்.

தரையில் எல்லாம் சரியாக வரும். மேலே போனால் கவிழும். நாலு பேரும் கதவிலிருந்து கிளம்பியதும் வடிவம் என் பக்கமாகச் சாய்ந்து, தட்டிலிருந்து இட்லி கொட்டுகிற மாதிரி கொட்டிவிடும். ஒவ்வொரு தடவையும் என் பக்கம்தான் சாயும். அதனால் தப்பு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தராசில் ஒரு தட்டு தாழ்ந்தால் எந்தத் தட்டில் எடை குறைவு என்றுதானே பார்க்க வேண்டும்? இதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கீழே வந்து, ஈல்டிகோ கூடவே குதித்து எடுத்த வீடியோவைப் போடுவார்கள். ஈல்டிகோ நிறுத்தி நிறுத்திக் காட்டுவாள். "பார், கோ. ஆவு போய்விட்டாள். ரெஜி போய்விட்டான். நீ எங்கே? நீ தலையைத் திருப்பி தர்சிகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்."

"எல்லாரும் தயாரா என்று பார்த்தேன்."

"அதற்குத்தானே எண்ணிக்கை?"

"எண்ணிக்கை சொல்கிறவள் அதைச் சரிபார்க்க முடியாது. ஒருத்தர் செய்ய வேண்டும், இன்னொருத்தர் சரிபார்க்க வேண்டும். இது உலகம் முழுக்க உள்ள நடைமுறை" என்றேன்.

ரெஜி சொன்னான்: "அண்ணாச்சி, நீங்க சரிபாக்கிற நேரத்துல நாங்க ஓமான் போய்ச் சேந்துருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடையும் சிரித்தாள். ஒரு மரியாதைக்காகச் சிரித்திருப்பாள்.

அப்புறம் அந்த விபத்து. விபத்து என்று நான் சொல்ல மாட்டேன், சம்பவம். எங்கள் துறையில் இரண்டும் வேறு. வழக்கம்போல் கிளம்பினோம், வழக்கம்போல் சாய்ந்தது. ரெஜி விட்டுவிட்டான், தர்சிகா விட்டுவிட்டாள். நான் விடவில்லை. ஆவுடையின் தோள்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து குட்டிக்கரணம் போட்டோம். மறுபடி போட்டோம். அவள் ஏதோ கத்தினாள். என் பெயர்தான் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பெண் புருஷன் பெயரைச் சொல்வதென்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! நான் இன்னும் இறுக்கினேன். கடைசியில் அவளே உதறிக்கொண்டு போனாள்.

இடது தோள்மூட்டு நழுவிவிட்டது. ஒரு கையாலேயே பாராசூட்டை விரித்து, ஒரு கையாலேயே திருப்பி, மணலில் வந்து விழுந்தாள். நான் பக்கத்திலேயே இறங்கி ஓடினேன். மருத்துவமனையில் தர்சிகா என்னிடம் சொல்கிறாள்: "அண்ணை, நீங்கள் கையை விட்டிருந்தா ஒண்டும் நடந்திராது."

"விட்டிருந்தா அவ எங்க போயிருப்பா?"

"கீழைதான் அண்ணை. நாங்கள் எல்லாரும் கீழைதானே போறம்."

படித்த பெண் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

ஆவுடை கையைத் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாளெல்லாம் நான்தான் கவனித்தேன். சமையல், துணி, தலை வாருவது உட்பட. ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடவில்லை. அவள் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருப்பாள். "என்ன பாக்க?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள். ஒருநாள் கேட்டேன்: "இதோட விட்ருவோமா? போதும்லா?" அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நீங்க விட்டுருங்க" என்றாள். நான் களைத்துப்போனதைக் கவனித்திருக்கிறாள். ஆனால் அவள் போகும்போது நான் மட்டும் எப்படி விடுவது?

தோள் சரியானதும் வந்தோம். ஈல்டிகோ என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அணியில் எனக்கு இடமில்லை. காயல்பட்டினத்துப் பையன் ஒருத்தன், ஹாரூன், அவன்தான் இனி உள்ளே குந்துவான். நான் ஆவுடையைப் பார்த்தேன். அவள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு எதிராகவும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்ததே என் பக்கம் நின்றதுதான்.

அதிலிருந்து இந்த பெஞ்ச்தான் சார் என் இடம். காரை ஓட்டிக்கொண்டு வருவேன், உட்காருவேன், மேலே பார்ப்பேன். கதவு திறக்கும். புள்ளி புள்ளியாக வருவார்கள். குடைகள் விரியும். நாலும் விரிந்ததா என்று எண்ணுவேன். ஹாரூன் நல்ல பையன்தான். அவன் பிடிக்கிற பிடியைப் பார்த்தேன், இரண்டு விரலால் பிடிக்கிறான், ஏதோ அழுக்குத் துணியைத் தூக்குகிற மாதிரி. ஆனால் வடிவம் கவிழவில்லை. அது காலநிலை. அந்த மாதத்திலிருந்து காற்று நன்றாக இருக்கிறது.

தண்ணீர் குடிக்கிறீர்களா? மேலே போவதற்கு முன் கொஞ்சமாகக் குடியுங்கள்.

இன்றைக்குக் கதை என்ன என்று கேட்டீர்கள், இல்லையா? ஹாரூனுக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்துக்கொண்டு மேலே போனால் காது போய்விடும், அனுமதிக்க மாட்டார்கள். அடுத்த மாதம் போட்டி. பயிற்சியை விட முடியாது. ஈல்டிகோ வேறு யாரையோ போனில் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது ஆவுடையே போய்ச் சொன்னாள். என் காதில் விழுந்தது. "அவருக்கு ஒரு தடவை கொடுப்போம்." இங்கிலீஷில்தான் சொன்னாள். ஆனால் 'அவர்' என்று சொன்னது மாதிரிதான் எனக்குக் கேட்டது.

ஈல்டிகோ யோசித்தாள். பிறகு என்னிடம் வந்து விரலை நீட்டிச் சொன்னாள்: "ஒரே ஒரு குதிப்பு. யாரையும் பிடிக்கக் கூடாது. தொடக்கூடக் கூடாது. நாலு பேரும் ஒரே அசைவில் கிளம்ப வேண்டும், வெளியே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கிளம்புவது சரியாக வந்தால் போட்டிக்கு நீ வருகிறாய், ஹாரூன் மாற்று ஆள். வராவிட்டால் என்னிடம் இனிமேல் கேட்காதே."

மரச்சட்டத்தில் ஒத்திகை பார்த்தோம். ஆவுடை என் முன்னால் தொங்கிக்கொண்டு சொன்னாள்: "வேற எங்கயும் பாக்காதீங்க. என் இடுப்பை மட்டும் பாருங்க. நான் போனா நீங்களும் போயிரணும்."

"எல்லாரும் ரெடியான்னு யாரு பாக்கது?"

"நான் பாக்கேன்."

"உன்னை யாரு பாக்கது?"

 "ரெடி" என்று ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒத்திகை அருமையாக வந்தது. ஒவ்வொரு தடவையும். தரையில்தான் எல்லாருடைய முகமும் ஒரே பார்வையில் தெரிகிறதே. ரெஜிகூட, "அண்ணாச்சி இன்னைக்கு சூப்பர்" என்றான். ஆவுடை என் பக்கம் திரும்பிச் சிரித்தாள் சார். பழைய சிரிப்பு.

மேலே போனோம். பச்சை விளக்கு எரிந்தது, கதவைத் தூக்கினார்கள். அந்தக் காற்றும் சத்தமும் உங்களுக்கும் இன்றைக்குத் தெரியப்போகிறது. ரெஜி வெளியே போனான். தர்சிகா போனாள். ஆவுடை நடுவில் போய்க் கம்பியைப் பிடித்தாள். படம் எடுக்கிற ஈல்டிகோவும் பின்னால் தொங்கினாள். நான் விளிம்பில் குந்தினேன். கைகளை என் முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டேன். தொடவில்லை. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன், ஒரு விரல்கூட யார்மேலும் படவில்லை.

ஆவுடை என் கண்ணைப் பார்த்தாள். இடுப்பு வெளியே போனது. ரெடி. உள்ளே வந்தது. செட். அந்த நேரத்தில், சார், தர்சிகாவின் நெஞ்சுப்பட்டையின் நுனியைப் பார்த்தேன். மிச்சம் இருக்கிற நுனியை ஒரு ரப்பருக்குள் செருகி வைக்க வேண்டும். அது வெளியே வந்து பல்லி வால் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று அவிழ்ந்திருக்கிறது என்றால் இன்னொன்று அவிழ்ந்திருக்கலாம் அல்லவா? நான் விரலை நீட்டினேன். "பட்டை" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கதவில் யாரும் இல்லை.

கம்பி மட்டும் இருந்தது.

குதித்திருக்கலாமே என்பீர்கள். கூடாது. நேரம் தவறினவன் தனியாகக் குதித்தால் கீழே இருக்கிறவர்கள் தலையில் போய் விழுவான். கூட்டத்தோடு போக வேண்டியவன் தாமதித்துவிட்டால் விமானத்தோடு இறங்க வேண்டும். விதி அது. அந்தக் கதவில் நின்று விதியை நினைத்துப் பார்த்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எட்டிப் பார்த்தேன். கீழே மூன்று பேரும் கைகோத்துவிட்டார்கள். ஒரு சாய்வு இல்லை, ஆட்டம் இல்லை. தாம்பாளத்தைத் தண்ணீர்மேல் வைத்த மாதிரி வட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்காக ஓர் இடம் விட்டு வைத்திருப்பார்கள் என்று பார்த்தேன். ஆவுடைக்கும் தர்சிகாவுக்கும் நடுவில்தான் என் இடம். அந்த உயரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. மூடின மாதிரிதான் இருந்தது.

விமானி திரும்பிப் பார்த்து, "என்ன ஆயிற்று?" என்றார். "பட்டை" என்றேன். அவர் பெல்ட்டைப் போட்டுக்கொள் என்று கைகாட்டினார்.

கீழே வந்தால் தர்சிகா ஓடி வருகிறாள். "அண்ணை, எங்கை போனீங்கள்? திரும்பிப் பாத்தா ஆளைக் காணேல்லை! எங்களுக்கு நெஞ்சு திக்கெண்டிட்டுது."

"உன் பட்டையைப் பாரும்மா" என்றேன்.

அவள் குனிந்து பார்த்து, நுனியை எடுத்து ரப்பருக்குள் செருகிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

ரெஜி விடுவானா? "அண்ணாச்சி மட்டும்தான் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டுப் போனாரு."

ஆவுடை பாராசூட்டை அள்ளி அணைத்துக்கொண்டு மடிக்கிற கூடத்துக்குப் போய்விட்டாள். உள்ளே வீடியோ போட்டார்கள். இங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அவர்கள் கத்துவது கேட்டது. சந்தோஷக் கத்தல். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக் கத்தினார்கள். நான் கதவில் விரல் நீட்டிக்கொண்டிருப்பதும் அதில் பதிந்திருக்கும். என்றைக்காவது ஒருநாள் யாராவது அந்த விரல் எங்கே காட்டுகிறது என்று பார்ப்பார்கள்.

நீங்கள் அப்போது கழிவறைக்குப் போயிருந்தீர்கள். ஆவுடை வந்தாள். இங்கேதான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் காற்று அடித்த சிவப்பு.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. நீ பட்டையைப் பாத்தியா? நான் சொல்லுதேன், அந்தப் பொண்ணு..."

"ஏங்க" என்றாள். என் முழங்கால்மேல் கையை வைத்தாள். "கோபப்படாதீங்க, ஒண்ணு சொல்லுதேன். இன்னைக்குத்தான் நீங்க என்னைப் பிடிக்காம விட்டீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு."

பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? நான் சொன்னேன்: "அப்ப ஈல்டிகோகிட்டச் சொல்லு. பிடிக்கலைங்கறதை அவளும் பாத்தால்லா. இன்னொரு தடவை போவோம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "காத்து அடங்கினதும் நாங்க மூணு பேரா இன்னொண்ணு போறோம். ஹாரூன் அடுத்த வாரம் வந்துருவான்" என்றாள். அப்புறம், "நீங்க காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. வெயில்ல காத்துக் கெடக்காதீங்க. நான் தர்சிகாகூட வந்துருதேன்" என்றாள்.

எவ்வளவு அக்கறை, பாருங்கள். நான் களைத்திருக்கிறேன் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். களைப்புதான் சார். பொய் சொல்வானேன். மூன்று வருடமாக எல்லாரையும் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது. ஆனால் போகச் சொன்னால் போய்விடுவதா? மேலே போகிறவர்கள் எல்லாரும் இறங்கினார்களா என்று யார் பார்ப்பது? அவள் எழுந்து நின்றாள். கால்பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். "பாத்துட்டேன்" என்று சொல்லி நகர்ந்துகொண்டாள்.

அதோ, பை தொய்ந்துவிட்டது. பார்த்தீர்களா, காற்று விழுந்துவிட்டது. ஒலிபெருக்கியில் சொல்வது உங்களைத்தான். உங்கள் பயிற்சியாளர் கை காட்டுகிறார், போங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொள்ளச் சொல்வார், கட்டிக்கொள்ளுங்கள். அவர் போகும்போது நீங்களும் போய்விடுவீர்கள். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஒரு நிமிடம் சார். ஒரே ஓர் உதவி.

அவர்களும் அதே விமானத்தில்தான் வருகிறார்கள். முதலில் அவர்கள் கிளம்புவார்கள், நீங்கள் கடைசியில்தான். உங்கள் இடத்திலிருந்து கதவு நன்றாகத் தெரியும். ஆவுடை நடுவில் தொங்குவாள், நீலத் தலைக்கவசம். இடுப்பை வெளியே ஆட்டி, உள்ளே வரும்போது அவள் முகம் கதவுக்குள் தெரியும். விளிம்பில், நான் குந்துகிற இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தை ஒரு தடவை பார்க்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

பார்க்கக் கூடாது. கிளம்புகிற நேரத்தில் கண் அலைவது பெரிய தப்பு. முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். இருந்தாலும், பார்த்தாளா என்று வந்து சொல்லுங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.